நான்கு நொடி

பெருங்குடியில் ஐந்தாவது மாடி.
கண்ணாடிக்கு வெளியே குப்பைமேட்டுப் புகை,
உள்ளே நாற்பது நாற்காலி, நாற்பது ஹெட்செட்.
என் கழுத்து அட்டையில் பெயர் உண்டு,
பணியாளர் எண் உண்டு.
பதிவு எண் இல்லை.

பதிவு எண் உள்ளவர்கள்
திரைக்கு அந்தப் பக்கம்.
டாக்டர் அருள்நங்கை, மந்தைவெளி,
குழந்தை தூங்கியபின் பத்தரைக்கு வருவார்.
டாக்டர் பக்தவத்சலம், பணி ஓய்வு பெற்றவர்,
கேமராவுக்கு எப்போதும் நெற்றியை மட்டும் காட்டுவார்.
நெற்றிக்குக் கீழே எண் மிதக்கும்.
மருந்துச்சீட்டில், கையெழுத்தின் காலடியில்,
அதே எண்.

அதற்காகத்தான் பிஷ்கெக்கில்
ஆறு பனிக்காலம் படித்தேன்.
ஊர் திரும்பி எழுதிய தேர்வில்
முதல்முறை பதினெட்டு மார்க்கில் போனது.
இரண்டாம்முறை மூன்றில்.
மண்ணீரல் ஒன்று, குடற்புழு ஒன்று,
தெரிந்தே மாற்றி அழுத்திய விடை ஒன்று.

இப்போது வேலை கேட்பது மட்டும்.
பெயர் என்ன, வயது என்ன, எத்தனை நாளாக.
கேட்டதை டைப் செய்து
இணைத்துவிட வேண்டும்.

மஸ்கட்டிலிருந்து ஒருவர் கெஞ்சினார்:
"தமிழ்ல பேசினாப் போதும்மா, நம்ம டாக்டர் வேணும்."
பேச்சு கடல் தாண்டிவிடுகிறது.
சீட்டு தாண்டாது, சார்,
அங்கே எழுத அங்கே பதிந்திருக்க வேண்டும்.
பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி
மன்னிப்புக் கேட்டு வைத்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு
எர்ணாவூர், சகாயராணி, ஐம்பத்திநாலு.
"கேஸுதாம்மா. சோடா குடிச்சேன், ஏப்பம் வரல.
தாடை வரைக்கும் இழுக்குது.
ஃபேன் ஓடுது, ஆனா நைட்டி நனைஞ்சு போச்சு."

திரை சொன்னது:
இவருக்கு முன் ஒன்பது பேர்.
அதில் ஒருவர் பொடுகுக்கு.

கேஸ் இல்லை.
எனக்குத் தெரியும்.
பனி அப்பிய ஜன்னலோரம்
இதே வியர்வையை, இதே தாடையை
ஒரு ரஷ்யக் கிழவரிடம் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.
ஒரு மாத்திரையின் பெயர்
நாக்கின் நுனிவரை வந்து நின்றது.
அதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லலாம்,
மருந்துக்கடைப் பையன் சொல்லலாம்,
வாட்ஸப்பில் யாரோ யாருக்கோ
தினமும் காலை வணக்கத்தோடு சொல்கிறார்கள்.
நான் சொன்னால் குற்றம்.

சட்டம் கெட்டது என்று சொல்ல வரவில்லை.
அய்யப்பன்தாங்கலில் ஒருவன்
போர்டு மாட்டி, ஸ்டெதஸ்கோப் மாட்டி
எங்கள் சித்தப்பாவுக்குப் போட்ட ஊசி
இடுப்பில் சீழ் கட்டி,
இன்றும் அவர் ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்காருவார்.
அந்தப் போர்டிலும் ஓர் எண் இருந்தது.
யாரும் சரிபார்க்கவில்லை.
அவனிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்பதை
நான் மட்டும் சொன்னால் எப்படி?

"நீங்க டாக்டராம்மா?"
என்று கேட்டார் சகாயராணி.

பிறகு நான் சொன்னது
பச்சை எழுத்தில் ஓடும் வசனத்தில் இல்லாதது:
"அக்கா, போனை வைங்க. நூத்தியெட்டுக்குப் போடுங்க.
நடக்காதீங்க, படி இறங்காதீங்க.
கதவுத் தாழ்ப்பாளை யாரையாவது எடுக்கச் சொல்லுங்க.
வேணாம், வைக்காதீங்க,
பக்கத்துல இன்னொரு போன் இருக்கா?"

இருந்தது. மகனுடையது, திரை உடைந்தது.
அவன் கத்துவது கேட்டது,
நாய் குரைப்பது, பாத்திரம் உருள்வது,
அப்புறம் வெகுநேரம் ஃபேன் சத்தம்,
அப்புறம் தெருமுனையில் சைரன்,
அப்புறம் துண்டிப்பு.

நூற்றியெட்டு என்று சொல்ல
எண் எதுவும் தேவையில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

அவர் என்ன ஆனார், தெரியாது.
திரும்ப அழைக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

வியாழக்கிழமை தரக்கட்டுப்பாட்டிலிருந்து
அந்த அழைப்பின் மதிப்பெண் வந்தது.
வசனம் மீறல்: இரண்டு குறைவு.
வாடிக்கையாளரை 'அக்கா' என அழைத்தது: அரை.
கேள்விக்குப் பதிலின்றி மௌனம், நான்கு நொடி:
அதற்கும் அரை.

மொத்தம் மூன்று மார்க்.